ஓர் அங்குலம் குறைத்தால் ஆறு சீட்

ஏர்பஸ் ஏ320 விமானத்தில் பிசினஸ் கிளாஸ் எதுவும் வைக்காமல் 30 வரிசை போட்டால் 180 சீட். வரிசைக்கு ஓர் அங்குலம் இடைவெளியைக் குறைத்தால் மொத்தம் 30 அங்குலம் மிஞ்சும். அந்த இடத்தில் இன்னொரு வரிசை போடலாம், அதாவது ஆறு சீட். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ நான்கு மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்து போகிற எல்லோரையும் தொடுகிற கணக்கு இது. இது புரிந்துவிட்டால், எந்த டிக்கெட்டில் பணம் போடலாம், எதில் போடவே கூடாது என்பதும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

அந்த ஆறு சீட்டுக்கு விமான நிறுவனம் ஏன் இவ்வளவு பாடுபடுகிறது? கூடுதல் செலவு அநேகமாக இல்லை என்பதால்தான். விமானிகள் அதே இருவர். தரையிறங்கும் கட்டணம் விமானத்தின் எடை வகையைப் பொறுத்தது, அதில் மாற்றமில்லை. எரிபொருள் கொஞ்சம் கூடும். பணிப்பெண்கள், பணியாளர்கள் எண்ணிக்கைக்கு விதி உண்டு: 50 சீட்டுக்கு ஒருவர். 180 சீட்டுக்கும் நான்கு பேர், 186 சீட்டுக்கும் நான்கு பேர். 200ஐத் தாண்டினால்தான் ஐந்தாவது ஆள் வேண்டும். ஏர்ஏசியாவின் பழைய ஏ320இல் 180 சீட், ஏ320 நியோவில் 186, ஏ321 நியோவில் 236 என்றிருப்பதை இந்தப் படிக்கட்டோடு வைத்துப் பாருங்கள். 236 சீட்டுக்கு ஐந்து பேர் போதும். அந்தப் படியில் 250 வரை இடமிருந்தாலும் அவசரக் கதவுகளின் கணக்கு அதற்கு முன்பே நிறுத்திவிடும். பாதிக் கதவுகள் அடைபட்ட நிலையில் எல்லோரும் 90 விநாடிக்குள் வெளியேறியாக வேண்டும். ஒரு விமானத்தில் எத்தனை பேரை ஏற்றலாம் என்ற உச்சவரம்பு இந்தச் சோதனையிலிருந்து வருகிறது. முழங்காலுக்கு எத்தனை அங்குலம் என்ற வசதிக் கேள்வி அந்தச் சோதனையில் இல்லை.

கூடுதல் வரிசை எப்போதும் சீட் இடைவெளியைத் திருடித்தான் வருகிறது என்றும் சொல்ல முடியாது. வால் பக்கச் சமையலிடத்தையும் கழிவறைகளையும் நெருக்கி அமைக்கும் வடிவத்தை ஏர்பஸே விற்கிறது. அப்படிக் கிடைத்த வரிசைக்கு விலை கொடுப்பது உங்கள் முழங்கால் இல்லை, கழிவறைக்குள் உங்கள் தோள்.

ஆனால் அந்த ஆறு சீட்டும் நிறைந்தால்தானே காசு? தீபாவளிக்கு முந்தைய வாரமும் பள்ளி விடுமுறையின் முதல் வெள்ளியும் நிறையும். சாதாரண செவ்வாய்க்கிழமை விமானத்தில் முப்பது சீட் காலியாகப் போகலாம். வருமானம் வருவது சில வாரங்களில், நெருக்கம் மட்டும் ஆண்டு முழுவதும். இந்தப் பேரம் பயணிக்கு நியாயமாக அமையவில்லை என்பது என் உறுதியான கருத்து. அதே சமயம், கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய்வர முடிகிறது என்றால் அதற்கும் இந்த நெருக்கம்தான் காரணம். அதை மறைத்துப் பேசுவதும் நியாயமில்லை.

சீட் இடைவெளியைப் பிட்ச் என்பார்கள். ஒரு சீட்டின் ஏதாவது ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம். கால் வைக்கிற இடம் மட்டும் அல்ல, அதற்குள் முன் சீட்டின் முதுகுத் தடிமனும் அடக்கம். அதனால் மெல்லிய முதுகு கொண்ட 29 அங்குல சீட், தடித்த பஞ்சு வைத்த பழைய 31 அங்குல சீட்டைவிட முழங்காலுக்குத் தாராளமாக இருக்க முடியும். வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். சுவரில் முதுகு ஒட்ட நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். சுவரிலிருந்து முழங்கால் நுனி வரை டேப் பிடியுங்கள். 24 அங்குலம் வந்தால் 28 அங்குல பிட்சில் நெருக்கமாக உட்கார்ந்துவிடலாம். 26 வந்தால் முழங்கால் முன் சீட்டைத் தொடும், முன்னால் இருப்பவர் சாய்ந்ததும் அழுத்தும். அப்படிப்பட்டவர்கள் எகானமியிலேயே கூடுதல் கால் இடத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை. 22 வருகிறவர்கள் அதே பணத்தைக் கொடுத்தால், வரிசையில் முன்னால் இறங்கலாம் என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்காது. மெல்லிய சீட்டுக்கு ஒரு குறை உண்டு: இரண்டாவது மணி நேரத்துக்கு மேல் இடுப்பெலும்பு அடிச் சட்டத்தை உணரத் தொடங்கும். மடித்த சால்வை ஒன்றை அடியில் போட்டால் பாதி சரியாகும்.

பிட்சைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அகலத்தைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை, என் கணக்கில் அதுதான் முக்கியம். காலை மடக்கலாம், நீட்டலாம், நடைபாதைப் பக்கம் திருப்பலாம். தோளை எங்கே கொண்டுபோய் வைப்பது? போயிங் 737இன் கேபின் அகலம் 3.54 மீட்டர், ஏ320இல் 3.70. இரண்டிலும் வரிசைக்கு ஆறு பேர்தான். அந்த 16 சென்டிமீட்டரை ஆறு பேருக்குப் பங்கிட்டதால்தான் 737இல் சுமார் 17 அங்குல சீட், ஏ320இல் சுமார் 18. ஒரு சராசரி ஆணின் தோள் இதைவிட அகலம். மூன்று ஆண்கள் 737இன் ஒரு பக்கத்தில் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும். விலையும் நேரமும் ஒன்றாக இருக்கிற இரண்டு விமானங்களில் ஒன்று ஏ320 என்றால், எந்த நிறுவனம் என்று பாராமல் அதையே எடுங்கள். டிக்கெட் விவரத்தில் குறியீடு இருக்கும்: 320, 32என் என்பவை ஏ320 குடும்பம், 738, 7எம்8 என்பவை 737, 333 ஏ330-300, 339 ஏ330 நியோ, 359 ஏ350-900.

அகலத்தின் பொருளாதாரம் வெட்டவெளிச்சமாகத் தெரிவது ஏ330-300இல். கேபின் அகலம் 5.28 மீட்டர். ஏர்பஸ் அதை வரிசைக்கு எட்டுப் பேருக்காக வடிவமைத்தது: 2-4-2. பெரும்பாலான நிறுவனங்கள் அப்படியே வைத்திருக்கின்றன. ஏர்ஏசியா எக்ஸ் அதே உடலில் 3-3-3 என்று ஒன்பது பேரை வைத்தது. எட்டில் சுமார் 18 அங்குலம் கிடைக்கிற சீட், ஒன்பதில் 16.5 அங்குலத்துக்கு இறங்குகிறது. பலன்? மலேசியா ஏர்லைன்ஸின் ஏ330-300இல் 27 பிசினஸ், 263 எகானமி, மொத்தம் 290. ஏர்ஏசியா எக்ஸில் முன்னால் 12 பிரீமியம், பின்னால் 365, மொத்தம் 377. உடலும் அதே, இறக்கையும் அதே, உள்ளே 87 பேர் அதிகம். டிக்கெட் விலையில் காணும் வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்த 87 பேர் செலவைப் பகிர்ந்துகொள்வதிலிருந்து வருகிறது. சாப்பாடு கொடுக்காததால்தான் மலிவு என்று நினைப்பவர்கள் சின்னப் பகுதியை மட்டும் பார்க்கிறார்கள்.

தம்பதியாகப் போகிறவர்களுக்கு 2-4-2 ஓரத்து இரட்டை சீட் பெரிய வரம், மூன்றாவது ஆள் இல்லை. 3-3-3 விமானத்திலும் வால் பக்கம் உடல் குறுகும் இடத்தில் ஓரத்து மூன்று சீட் இரண்டாகிவிடுவது உண்டு. சீட் வரைபடத்தில் கடைசி வரிசைகளைத் தேடிப் பாருங்கள். சுபாங்கிலிருந்து பினாங்குக்குப் பறக்கும் ஃபயர்ஃபிளையின் ஏடிஆர் 72இல் நடு சீட்டே கிடையாது, முழுக்க 2-2. கேபின் 2.57 மீட்டர்தான், ஆனால் நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 64 சென்டிமீட்டர். 737 எகானமியில் 59. (நடைபாதையையும் சேர்த்த கணக்கு.) மேல் பெட்டி சின்னது, பெரிய கைப்பை நுழையாது. இறக்கைக்கு முன்னாலும் என்ஜின் விசிறிக்கு நேராகவும் சத்தம் அதிகம், பின்னால் உட்காருங்கள். ஏறுவதும் இறங்குவதும் பின்கதவு வழியாகத்தான் என்பதால் அங்கே உட்கார்ந்தவர்தான் முதலில் இறங்குவார்.

இனி பிசினஸ் கிளாஸ். இதில் விளம்பரத்தை ஒதுக்கிவிட்டுத் தரைப்பரப்பை மட்டும் பாருங்கள். 737இல் எகானமி ஆறு பேர், 30 அங்குல பிட்ச் என்று வைத்தால் ஆளுக்கு 0.45 சதுர மீட்டர். முன்னால் நான்கு பேர், 40 அங்குல பிட்ச் என்றால் 0.90. சரியாக இரட்டிப்பு. நான்கு வரிசை பிசினஸ், அதாவது 16 சீட், 160 அங்குலம் எடுக்கிறது. அதே இடத்தில் ஐந்து எகானமி வரிசை, 30 சீட் போடலாம். ஒரு வழிக்கு எகானமி சராசரி 450 ரிங்கிட் என்று கணக்குக்காக வைப்போம். 30 சீட்டும் விற்றால் 13,500 ரிங்கிட். அதை ஈடுகட்ட 16 பிசினஸ் சீட்டும் நிறைந்தால் தலா 844 போதும். ஆனால் ஒன்பதுதான் விற்றால் தலா 1,500 வேண்டும். அதனால் பிசினஸ் டிக்கெட் விலை இடத்தைப் போல இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, மூன்று மடங்கைத் தாண்டிப் போகிறது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் பக்கத்துக் காலி சீட்டின் வாடகையும் இருக்கிறது. மலேசியா ஏர்லைன்ஸின் 737-800இல் 16 பிசினஸும் 144 எகானமியும் இருந்தன. 737 மேக்ஸ் 8இல் 12 பிசினஸ், 162 எகானமி. பிசினஸ் வரிசை ஒன்று போயிருக்கிறது, எகானமி வரிசை மூன்று வந்திருக்கிறது. கோலாலம்பூர்–பினாங்கு போன்ற ஒரு மணி நேரப் பறப்புக்கு முன் சீட்டை முழு விலைக்கு வாங்குபவர் குறைவு. அங்கே உட்காருபவர்களில் பலர் லண்டனிலிருந்தோ சிட்னியிலிருந்தோ மாறி வருகிறவர்கள், அல்லது சேர்த்த பயணப் புள்ளிகளில் ஏறியவர்கள்.

கோலாலம்பூர்–சென்னைக்கு 737இன் சாய்வு சீட் பிசினஸை முழு விலையில் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. அது படுக்கை அல்ல, அகலமான நாற்காலி. நான்கு மணி நேரத்தில் சாப்பாடும் இறக்கமும் போக, நிம்மதியாகச் சாய்ந்திருக்க இரண்டரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். கூடுதல் விலையை அந்த இரண்டரை மணியால் வகுத்துப் பாருங்கள். அரசின் வரியும் வகுப்பைப் பார்க்கிறது. மலேசியாவிலிருந்து வெளிநாடு புறப்படுவோருக்கு 2019 செப்டம்பர் 1 முதல் வந்த புறப்பாட்டு வரியில், ஆசியான் நாடுகளுக்கு எகானமி 8 ரிங்கிட், மற்ற வகுப்புகளுக்கு 50. ஆசியானுக்கு வெளியே எகானமி 20, மற்ற வகுப்புகளுக்கு 150. இந்தியா இரண்டாவது வகை. பிரிட்டனின் பயணி வரி இன்னும் ஒரு படி மேலே போய் அங்குலத்தையே சட்டத்தில் எழுதியிருக்கிறது: சீட் பிட்ச் 40 அங்குலத்தைத் தாண்டினால், அது அந்த விமானத்தின் கடைசி வகுப்பாகவே இருந்தாலும், குறைந்த வரி கிடைக்காது. லண்டனிலிருந்து திரும்பும்போது பிசினஸ் விலை போகும்போது இருந்ததைவிட உயர்ந்து தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோலாலம்பூர்–லண்டன் வேறு விஷயம். பதின்மூன்று, பதினான்கு மணி நேர இரவுப் பறப்பில் முழுக்க மட்டமாகும் படுக்கை ஒரு ஹோட்டல் இரவையும் மறுநாள் ஒரு வேலை நாளையும் மிச்சப்படுத்தும். மலேசியா ஏர்லைன்ஸின் ஏ350-900இல் 286 சீட்: முன்னால் 4 சூட், 35 பிசினஸ், கூடுதல் கால் இடமுள்ள 27 எகானமி, சாதாரண எகானமி 220. படுக்கை சீட் எடுப்பவர்கள் கால் நுழையும் பொந்தைக் கவனியுங்கள். இடம் மிச்சம் பிடிக்க, உங்கள் பாதத்தை முன் சீட்டின் பக்கமேசைக்கு அடியில் நுழைக்கும் வடிவங்கள் அதிகம். உயரமானவர்களுக்கும் பக்கவாட்டில் தூங்குபவர்களுக்கும் அது குறுகல். முன்சுவரை ஒட்டிய முதல் வரிசையில் அந்தப் பொந்து வழக்கமாகப் பெரிது, அதுதான் முதலில் தீரும்.

நடுவில் இருக்கும் பிரீமியம் எகானமியை நிறுவனங்கள் இவ்வளவு விரும்புவதற்கும் பரப்புதான் காரணம். தைவானின் ஈவா ஏர் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த யோசனை அது. ஏ350இல் ஒன்பதுக்குப் பதில் எட்டுப் பேர், 32க்குப் பதில் 38 அங்குலம் என்றால் ஆளுக்கு எடுக்கும் இடம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. விலை அதைவிட நன்றாகவே கூடுகிறது. சதுர மீட்டருக்கு நல்ல லாபம் தருவது அந்தக் கேபின். பயணிக்கு? எட்டு மணி நேரத்துக்கு மேல், பகல் பறப்பு, படுக்கை தேவையில்லை என்றால் நல்ல பேரம். இரவுப் பறப்பில் அது பாதித் தீர்வுதான்.

ஏல முறையில் மேல் வகுப்புக்கு மாறுவது இப்போது பல நிறுவனங்களில் உண்டு, மலேசியா ஏர்லைன்ஸில் எம்எச்அப்கிரேட் என்ற பெயரில். போடும் தொகை ஒருவருக்கு, ஒரு செக்டருக்கு, அதாவது ஒரு பறப்புக்கு. ஏற்கெனவே வாங்கிய டிக்கெட்டுக்கு மேல். கணவன் மனைவி இருவர் என்றால் இரண்டால் பெருக்கிய பிறகே பொத்தானை அழுத்துங்கள். பறக்கப்போவது சாய்வு சீட் 737ஆ, படுக்கை சீட் ஏ330ஆ என்று குறியீட்டைப் பார்த்துவிட்டுத்தான் தொகையை முடிவு செய்யவேண்டும். ஒரே வழித்தடத்தில் இரண்டும் ஓடலாம், ஏலப் பக்கம் இரண்டையும் பிசினஸ் என்றே காட்டும். வாரநடுப் பறப்புகளில் குறைந்தபட்சத் தொகைக்குச் சற்று மேலே போட்டாலும் கிடைக்க வாய்ப்பு உண்டு. பண்டிகைக் காலத்தில் அந்த நம்பிக்கை வேண்டாம்.

பண்டிகைக் கூட்டம் ஒரு திசையில்தான் ஓடும் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். தீபாவளிக்கு முன் சென்னை நோக்கிய விமானம் பிதுங்கும், அதே விமானம் திரும்பும்போது இடைவெளியோடு வரும். நிறைந்து போகும் திசையில் மட்டும் சீட்டுக்குப் பணம் கட்டுங்கள். இடைவெளி இருக்கும் திசையில் இருவர் என்றால் ஜன்னலும் நடைபாதையும் எடுத்து நடுவை விட்டுவிடுங்கள், விமானத்தின் பின்பாதியில். தனியாக வருகிறவர் நடு சீட்டை விரும்பி எடுப்பது அரிது. கைக்குழந்தையோ சிறு பிள்ளைகளோ இருந்தால் இந்த விளையாட்டு வேண்டாம், பணம் கட்டி ஒன்றாக உட்காருங்கள். முன்பதிவுப் பக்கத்தில் நீங்கள் கேட்காத சீட் கட்டணமோ காப்புறுதியோ தானாகவே டிக் ஆகியிருந்தால் அது மலேசிய விமானப் பயணிகள் பாதுகாப்பு நெறிமுறை 2016க்கு எதிரானது. 2025 ஆகஸ்ட் 1இல் விமானப் போக்குவரத்து ஆணையமான மாவ்கோம், விமானப் போக்குவரத்து அதிகாரத் துறையான சிஏஏஎம்முடன் இணைக்கப்பட்டுவிட்டதால் புகாரும் சிஏஏஎம்முக்குத்தான் போகும்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னை–பினாங்கு நேரடி சேவையைத் தொடங்கியது. கோலாலம்பூரில் மாறிப் போகும் நல்ல சீட்டைவிட நேரடி விமானத்தின் சுமாரான சீட் மேல். உடலைக் களைப்பாக்குவது சீட் மட்டும் அல்ல, விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் இழுத்துத் திரியும் பையும்தான்.

அவசரக் கதவு வரிசை எல்லோரும் கேட்பது. இரண்டு கதவு வரிசைகள் அடுத்தடுத்து இருக்கும் விமானங்களில் முன்னதன் சீட் சாயாது, சாய்ந்தால் பின்வரிசையின் வழி அடைபடும். பின்னதை எடுங்கள். பிள்ளைகள், கர்ப்பிணிகள், கதவைத் தூக்க இயலாத முதியோர் அங்கே உட்கார முடியாது. பணம் கட்டியிருந்தாலும் வாசலில் மாற்றிவிடுவார்கள். கதவோரம் குளிரும். முதல் வரிசையிலும் கதவு வரிசையிலும் உணவு மேசை கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் கைப்பிடி தடித்து, சீட் கொஞ்சம் குறுகும். அகலமானவர்களுக்கு அது ஏற்றதல்ல. 737இல் இறக்கைக்கு முன்னால் ஒரு வரிசையில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்தான், குளிர்காற்றுக் குழாய் அதற்குள் போகிறது. ஜன்னலுக்குக் காசு கட்டுமுன் வரைபடத்தைப் பாருங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணித்தால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் அபாயம் சுமார் இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆரோக்கியமானவர்களுக்கு அது சுமார் 6,000 பேரில் ஒருவர். பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் பொருந்தும். சென்னைப் பறப்பு அந்த நான்கு மணி எல்லையில் நிற்கிறது. முன்பு இரத்த உறைவு வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் புறப்படுமுன் மருத்துவரைக் கேளுங்கள், நடைபாதை சீட்டையே எடுங்கள்.

சக்கர நாற்காலியில் அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் நடைபாதைப் பக்கக் கைப்பிடியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அது அசையாதது போலத் தெரியும், ஆனால் பல சீட்டுகளில் அடிப்பக்கம், பின்னால் கீல் இருக்கும் இடத்துக்கு அருகே ஒரு சின்ன நெம்புகோல் அல்லது பொத்தான் மறைந்திருக்கும். விரலால் தடவி அதை அழுத்திக்கொண்டே கைப்பிடியைத் தூக்கினால் மேலே போகும். பெரியவர் பக்கவாட்டில் நகர்ந்து உட்காரலாம், இடுப்பைத் திருப்பி நுழைய வேண்டியதில்லை. எல்லா வரிசையிலும் இது இருக்காது, முதல் வரிசையிலும் கதவு வரிசையிலும் கைப்பிடி தூக்கவே முடியாதபடி இருக்கும். அதனால் அவர்களுக்கு முதல் வரிசையை வாங்காமல், நான்காவது ஐந்தாவது வரிசையின் நடைபாதை சீட்டை வாங்குங்கள். தூக்கும் கைப்பிடி எந்த வரிசையில் இருக்கிறது என்று செக்-இன் கவுண்டரில் கேட்டு, தேவைப்பட்டால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். விமானம் புறப்படும்போதும் இறங்கும்போதும் கைப்பிடியைக் கீழே இறக்கிவிட வேண்டும்.